கிறிஸ்துமஸ் தர்மம்

டிசம்பர் மாதம் பிறந்ததும் கிறிஸ்தவ நாடுகளிலெல்லாம் தர்ம சிந்தனை தளிர்ப்பது யாவரும் அறிந்ததே. கோயில்களில் காணிக்கைப் பெட்டிகள் நிரம்புகின்றன. தெரு முனைகளில் இரட்சணிய சேனையார் மணியடித்து நிதி திரட்டுகின்றனர். ஆண்டு முழுவதும் ஏழையை ஏறெடுத்தும் பாராத செல்வர்கூட அந்நாட்களில் ஒரு நாணயம் போடாமல் நகரக் கூசுகின்றனர். இதை நாம் பரிகசிக்கவில்லை. பசித்தவனுக்குக் கிடைக்கும் ஒரு வேளைச் சோறும் சோறுதான். ஆனால் கிறிஸ்துவின் மார்க்கம் மனிதனிடம் கேட்பது இவ்வளவுதானா என்பதை யோசித்துப் பார்க்க வேண்டும்.

பிள்ளை பெற்ற தாய் ஆலயத்தில் ஓர் ஆட்டுக்குட்டியும் ஒரு புறாவும் காணிக்கை செலுத்த வேண்டும் என்பதும், ஆட்டுக்கு வகையில்லாதவள் இரண்டு புறாக்கள் கொடுத்தால் போதும் என்பதும் யூதரின் பழைய விதி. இயேசுவின் தாய்க்காகக் கொடுக்கப்பட்ட காணிக்கையைக் கூறுமிடத்தில் லூக்கா பறவைகளை மட்டுமே குறிப்பிடுகிறார். ஆகவே இத்திருநாள், ஆட்டுக்குட்டி வாங்க இயலாத ஒரு வீட்டுப் பிள்ளையின் பிறந்தநாள். அப்பிள்ளை வளர்ந்து உபதேசித்தபோது, பசித்தவருக்கும் ஆடையற்றவருக்கும் சிறைப்பட்டவருக்கும் செய்தது தமக்கே செய்ததாகும் என்று போதித்தார். அதற்கு நாள் நட்சத்திரம் எதுவும் அவர் குறிக்கவில்லை.

நான்காம் நூற்றாண்டில், இன்று துருக்கியில் கைசேரி என வழங்கும் செசரியா நகரில், பஞ்சம் தலைவிரித்தாடியது. அங்கிருந்த பசில் என்னும் குருவானவர் பிரசங்க வன்மையால் செல்வரின் களஞ்சியங்களைத் திறக்கச் செய்தார். பூட்டிக் கிடக்கும் தானியமும் பெட்டியில் மக்கும் உடையும் இல்லாதவனுக்கே உரியவை என்பதும், அவற்றைக் கொடாதவன் அநீதி செய்கிறான் என்பதும் அவர் உபதேசத்தின் சாரம். ஈகையை உபகாரம் என்று கருதாமல் கடன் என்றே அவர் கருதினார். பிற்காலத்தவர் கடனை மறந்து உபகாரத்தைப் பிடித்துக்கொண்டனர். இதற்கு இங்கிலாந்தின் சரித்திரத்தைவிடத் தெளிவான சாட்சி வேண்டியதில்லை.

அந்நாட்டார் 1834-ல் ஏழைகளுக்கென்று ஒரு புதுச் சட்டம் இயற்றினர். உதவி வேண்டுவோர் 'ஒர்க்ஹவுஸ்' என்னும் விடுதிக்குள் சென்று அடைபட வேண்டும். அங்குள்ள வாழ்க்கை வெளியே மிகக் குறைந்த கூலி பெறுபவனுடைய வாழ்க்கையிலும் தாழ்ந்ததாக இருத்தல் வேண்டும் என்பதே அதன் தத்துவம். உள்ளே கணவன் ஒரு பக்கம், மனைவி ஒரு பக்கம், குழந்தைகள் வேறொரு பக்கம். கிறிஸ்துமஸ் அன்றுகூட வரிப்பணத்தில் விசேஷ உணவு கூடாதென்று ஆதியில் மேலதிகாரிகள் தடுத்தனர். 1840-ல் தனியார் கொடுத்தால் கொடுக்கலாம் என்று இளகினர். 1847-ல்தான் வரிப்பணத்திலும் செலவிடலாம் என்றாயிற்று. ஒரு துண்டு வறுத்த இறைச்சியும் சிறிது பிளம் புட்டிங்கும் ஒரு கிறிஸ்தவ ராஜ்யத்தின் மனத்தில் இடம்பெறப் பதின்மூன்று ஆண்டுகள் பிடித்தன!

இந்தக் காலத்தில்தான் சார்லஸ் டிக்கன்ஸ் எழுதினார். கடனுக்காகத் தந்தை சிறையிலிருக்க, பன்னிரண்டு வயதில் மை டப்பாக்களுக்குச் சீட்டு ஒட்டிக் கூலி வாங்கியவர் அவர். சுரங்கங்களிலும் தொழிற்சாலைகளிலும் குழந்தைகள் படும் பாட்டைப் பற்றிய ஸர்க்கார் அறிக்கையைக் கண்டு கொதித்து, முதலில் ஒரு துண்டுப் பிரசுரம் வெளியிடக் கருதினார். பின்னர் கதையே வலியது என்று துணிந்து 1843 டிசம்பர் 19-ல் 'கிறிஸ்துமஸ் கரோல்' நூலை வெளியிட்டார். விலை ஐந்து ஷில்லிங். அச்சிட்ட ஆறாயிரம் பிரதிகளும் சில நாட்களுக்குள் தீர்ந்தன.

அக்கதையில் வரும் லோபி, தான் செலுத்தும் வரியால் சிறைச்சாலையும் ஏழை விடுதியும் நடப்பதால் தன் கடமை முடிந்ததென்று நம்புபவன். மனம் திருந்தியபின் குமாஸ்தாவின் வீட்டிற்கு ஒரு பெரிய வான்கோழியை அனுப்புகிறான். வாசகர் நெஞ்சில் நிற்பது அந்த வான்கோழிதான். மறுநாள் காலையில், வாரம் பதினைந்து ஷில்லிங் பெற்றுவந்த அக்குமாஸ்தாவின் சம்பளத்தை அவன் உயர்த்துவதைப் பலர் மறந்துவிடுகின்றனர். நம் அபிப்பிராயத்தில் கதையின் உயிர் அங்கேதான் இருக்கிறது. வான்கோழி ஒரு நாளில் தீர்ந்துபோகும்; சம்பளமோ அடுத்த வாரமும் வரும். அனுப்பியவன் பெயரைச் சொல்லி வாழ்த்த வேண்டிய கட்டாயமும் அதில் இல்லை.

இங்கிலாந்து அதிகமாய்க் கைக்கொண்டது வான்கோழியையே. விடுதிகளில் கிறிஸ்துமஸ் விருந்து ஒரு காட்சியாயிற்று. கனவான்களும் சீமாட்டிகளும் சென்று, ஏழைகள் உண்பதைப் பார்த்து மகிழ்ந்து திரும்பினர். உழைத்து ஓய்ந்த கிழவனுக்கு உரிமையாக ஏதேனும் கிடைக்க 1908 வரை காத்திருக்க நேர்ந்தது. அவ்வாண்டு பார்லிமெண்டு இயற்றிய சட்டப்படி, எழுபது வயது கடந்த ஏழை முதியோருக்கு வாரம் ஐந்து ஷில்லிங் வரை உபகாரச் சம்பளம் விதிக்கப்பட்டது. டிக்கன்ஸின் புத்தகத்திற்கு வைத்த விலையும் அதுவே.

முதல் பட்டுவாடா 1909 ஜனவரி 1-ந் தேதி வெள்ளிக்கிழமை, கிறிஸ்துமஸுக்குச் சரியாக ஒரு வாரம் கழித்து, தபாலாபீஸ்களில் நடந்தது. ஆனால் முந்திய ஆண்டில் ஏழைச் சட்டப்படி உதவி பெற்றவர்களுக்கு அது இல்லை என்று சட்டத்திலேயே ஒரு விலக்கு இருந்தது. ஆகவே அதற்கு முந்திய வெள்ளிக்கிழமை விடுதியில் அமர்ந்து, சீமாட்டிகள் பார்த்திருக்கப் பிளம் புட்டிங் உண்ட முதியவருக்கு அந்த ஐந்து ஷில்லிங் கிடைக்கவில்லை. 1911 பிறந்த பின்னரே அவ்விலக்கு நீங்கிற்று.