“நீ சொன்னதாலதாம்மா வாங்கினேன்”

பெல்ட், டை, பணப்பை, கஃப்லிங்க். கோலாலம்பூர்ப் பேரங்காடி ஒன்றில் ஆண்களுக்கான இந்தச் சின்னப் பகுதிதான் என் வேலையிடம். நாள் முழுக்க நிற்க வேண்டும். உட்கார நாற்காலி கிடையாது. சம்பளம் குறைவு. விற்றால் கமிஷன்.

வேலைக்குச் சேர்ந்த இரண்டாவது மாதம், தீபாவளிக்கு முந்திய வாரம், ஓர் ஐயா வந்தார். மகனுக்கு முதல் நேர்முகத் தேர்வாம்.

“நல்ல தோல் பெல்ட்டா பார்த்துக் குடும்மா.”

விலை கூடிய ஒன்றை எடுத்து, “அசல் தோல் ஐயா, பல வருசம் வரும்” என்றேன். தோல் துணுக்குகளை அரைத்து, பசையால் ஒட்டி, மேலே பிளாஸ்டிக் பூசிய பெல்ட் அது. எனக்குத் தெரியும். மேற்பார்வையாளர் சொல்லிக்கொடுத்தபடிதான் சொன்னேன். ஆனாலும் சொன்ன வாய் என்னுடையது.

நான்கே மாதத்தில் அதே பெல்ட்டோடு வந்து நின்றார். நம் ஊர் வெயிலும் வியர்வையும் பட்டு, மேல்பூச்சு செதில் செதிலாக உரிந்திருந்தது. சத்தம் போடுவார் என்று பயந்தேன். “நீ சொன்னதாலதாம்மா வாங்கினேன்” என்றார், அவ்வளவுதான். மாற்றித் தரும் காலம் முடிந்துவிட்டது என்று கடையில் கைவிரித்துவிட்டார்கள். மகனுக்கு வேலை கிடைத்ததா என்று கேட்கக்கூட எனக்கு வாய் வரவில்லை. அந்த விற்பனையில் எனக்குக் கிடைத்த கமிஷன் எட்டு வெள்ளி.

அதன்பிறகு, கேட்பவர்களுக்கு உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். பெல்ட்டின் வெட்டு விளிம்பைப் பாருங்கள். நல்ல தோலில் நார்கள் தெரியும். மேற்பரப்பு அச்சடித்ததுபோல் ஒரே சீராக இருந்தால் சந்தேகப்படுங்கள். கால்சட்டை இடுப்பளவு 34 என்றால் பெல்ட் 36 வாங்குங்கள். ஐந்து துளைகளில் நடுத் துளையில் மாட்ட முடிந்தால் அளவு சரி. டையின் நுனி பெல்ட்டின் கொக்கியைத் தொட்டால் போதும்.

போன மாதம் ஒரு தம்பி அம்மாவோடு வந்தான். மறுநாள் நேர்முகத் தேர்வு. டை கட்டத் தெரியாது. என் கழுத்தில் முடிச்சுப் போட்டுக் காட்டி, தளர்த்திக் கழற்றி, அவன் கழுத்தில் மாட்டிவிட்டேன். பட்டு டையை எடுக்கப்போன அம்மாவிடம், “இதுக்கு பாலியெஸ்டரே போதும்க்கா, சம்பளம் வந்ததும் அவனே பட்டு வாங்கட்டும்” என்றேன். மேற்பார்வையாளர் முறைத்தார்.

அந்த ஐயா அப்புறம் வரவில்லை. ஒவ்வொரு தீபாவளிக் கூட்டத்திலும் அவர் முகத்தைத் தேடுகிறேன்.