காதில் ஒரு குரல்

இரவு நிகழ்ச்சிக்குக் குரல் பதிவு அனுப்பும் நேயர்களில் ஒருவர் கப்பல் பட்டறை ஊழியர். புதுக்கோட்டைக்காரர். வழக்கமாகப் பாட்டு கேட்பவர், அன்று கேட்கவில்லை. “அக்கா, இன்னைக்கு ரொம்பப் பயந்துட்டேன்” என்றார். நிகழ்ச்சி முடிந்ததும் அவரை அழைத்துப் பேசினேன்.

கப்பலின் தொட்டிக்குள் இறங்கி வேலை செய்பவர் அவர். மார்பில் கேஸ் மீட்டர், தலைக்கவசத்தில் கேமரா. அலுவலகத்தில் ஒருவர் திரையைப் பார்த்தபடி வழிகாட்டுவார். அன்று மீட்டர் அலறியது. காதுக்கருவியில் யாரோ ஆங்கிலத்தில் படபடவென்று பேசினார்கள். இவருக்குப் புரியவில்லை. “என்ன சார்?” என்று திரும்பக் கேட்டார். அதற்குள் தொட்டி வாயிலில் காவல் நின்ற சக ஊழியர், “மேல ஏறுடா!” என்று தமிழில் கத்தினார். ஏறிவிட்டார்.

அந்தச் சில வினாடிகள் சாதாரணமானவை அல்ல. நாம் சுவாசிக்கும் காற்றில் 20.9 விழுக்காடு ஆக்சிஜன். அது 19.5க்குக் கீழே இறங்கினால் ஆபத்து. மூடிய தொட்டியில் இரும்பு துருப்பிடித்தாலே ஆக்சிஜன் குறைந்துவிடும். கழிவு தேங்கிய இடங்களில் கிளம்பும் ஹைட்ரஜன் சல்பைடு முதலில் அழுகிய முட்டைபோல் நாறும். அளவு கூடினால் மூக்கு மரத்துப்போகும். வாடை போய்விட்டதே என்று நிம்மதி அடைபவர்தான் மயங்கி விழுவார். கருவி வேண்டும் என்பது இதனால்தான்.

சிங்கப்பூரில் 5 மில்லியன் வெள்ளி அல்லது அதற்கு மேல் மதிப்புள்ள கட்டுமானத் தளங்களில், 2024 ஜூன் முதல் காணொளிக் கண்காணிப்பு கட்டாயம். நல்ல ஏற்பாடு. ஆனால் பார்ப்பது பாதி வேலை. புரியும்படி சொல்வது மறுபாதி.

என் பிழைப்பும் காதில் கேட்கும் குரலை நம்பித்தான். ஒலிபரப்பின்போது தயாரிப்பாளர் “முப்பது வினாடி” என்பார், “முடிங்க” என்பார். எல்லாம் முன்கூட்டியே பேசி வைத்த சொற்கள். நான் தவறவிட்டால் வானொலியில் கொஞ்ச நேரம் மௌனம். அவர் தவறவிட்டால்?

வாசகர்களில் பொறியாளர்களும் பாதுகாப்பு அதிகாரிகளும் இருப்பீர்கள். காலை டூல்பாக்ஸ் கூட்டத்தில் ‘நில்’, ‘ஏறு’, ‘வெளியே வா’ போன்ற சில சொற்களை அவரவர் தாய்மொழியிலேயே முடிவு செய்யுங்கள். தலையாட்டினால் போதாது, திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள். இரும்புச் சுவர் வானலையைத் தடுக்கும். தொட்டியின் அடிவரை குரல் எட்டுகிறதா என்று முதலில் சோதியுங்கள். கேமரா வந்துவிட்டதென்று வாயிலில் நிற்பவரை வேறு வேலைக்கு அனுப்பிவிடாதீர்கள்.

போன வாரம் அவர் மறுபடியும் பாட்டு கேட்டார். வாயிலில் நின்று கத்திய அந்த நண்பருக்காக.