பருத்திக் காட்டருகே ஹாலிஹாக் பூச்செடி

நீலகிரி, கொடைக்கானல் முதலிய மலைப் பிரதேசங்களில் பங்களாத் தோட்டங்களின் சுவரோரத்தில் ஹாலிஹாக் என்னும் பூச்செடி வெகு காலமாக வளர்க்கப்பட்டு வருகிறது. ஆளுயரத்திற்கு மேல் நிமிர்ந்து நிற்கும் தண்டில், கீழிருந்து மேலாக அகன்ற பூக்கள் வரிசையாய் மலரும். அதைக் கண்டு வரும் நிலச்சுவான்தார்கள் சமவெளியில் வீட்டு முற்றத்திலும் கிணற்றடியிலும் இதனை வைக்க விரும்புவதில் குற்றமில்லை. ஆயினும், இது பருத்தி, வெண்டை, துத்தி ஆகியவற்றின் குடும்பத்தைச் சேர்ந்த செடி என்பதை அவர்கள் முதலில் அறிதல் வேண்டும்.

மலைகளில் முதல் வருஷம் இலை விட்டு மறு வருஷம் பூப்பது இதன் இயல்பு. சமவெளியின் வெயிலுக்கு ஒரு பருவச் செடியாகவே பயிரிடுதல் நலம். புரட்டாசியில் சிறு தொட்டிகளில் விதைத்து, பெருமழை படாமல் காத்து, நான்கைந்து இலை விட்டதும் மழை ஓய்ந்த நாளில் மண்ணோடு எடுத்து நடவேண்டும். ஆணிவேர் ஆழமாக இறங்குவதால், முற்றிய நாற்று வேரறுந்து வாடிவிடும். மண்ணை ஆழக் கொத்தி, மக்கிய தொழு உரமிட்டு, செடிக்குச் செடி ஒன்றரை அடி விடுக. நீர் தேங்கும் களிமண் ஆகாது. காற்றில் சாயாதபடி மூங்கிற்கழி நட்டுக் கட்டினால் மாசி, பங்குனியில் பூக்கும்.

இதற்குப் பெரும் பகை துரு நோய். சிலி தேசத்துக்கு உரிய இந்நோய், 1873-ம் வருஷத்தில் இங்கிலாந்துத் தோட்டங்களிற் காணப்பட்டது. கோதுமைத் தண்டுத் துரு தன் முழு வாழ்க்கைக்கு வேறொரு செடியையும் நாடுவது. இதுவோ ஹாலிஹாக்கிலேயே தன் வாழ்வை முடித்துக்கொள்ளும். இலையின் அடியில் செம்பழுப்புக் கொப்புளம் கண்டவுடன் அவ்விலையைக் கிள்ளி எரித்துவிடவேண்டும். தண்ணீரை இலைமேல் தெளியாமல் வேரடியில் ஊற்றவேண்டும். நோய் மிகுந்தால் கந்தகத் தூள் தூவலாம்.

துருவினால் நஷ்டமாவது பூ மட்டுமே. புள்ளிக் காய்ப்புழுவின் விஷயம் வேறு. பருத்தியிலும் வெண்டையிலும் குருத்தையும் மொக்கையும் காயையும் துளைக்கும் அப்புழு ஹாலிஹாக்கிலும் வாழும். சென்னை மாகாணத்தில் 1919-ம் வருஷத்திய பயிர்ப் பூச்சி நோய்ச் சட்டத்தின்படி, குறித்த காலத்துக்குள் கம்போடியாப் பருத்திச் செடிகளைப் பிடுங்கிவிடும்படி விதிக்கப்பட்டிருந்தது. இடைக்காலத்தில் பூச்சிக்கு இரையும் இடமும் கிட்டலாகாது என்பதே அதன் கருத்து. பருத்திமாரைப் பிடுங்கிவிட்டு, கிணற்றடியில் ஹாலிஹாக்கின் பழந்தூரைத் துளிர்க்க விடுபவர் அப்பூச்சிக்கு அவ்விரண்டையும் தாமே தருகிறார். வரப்பில் தானே முளைக்கும் துத்தியும் இவ்வாறே கேடு செய்வது. அளவில் அதுவே மிகுதி. கிராம அதிகாரிகள் காட்டைப் பார்வையிடும்போது வரப்பையும் வீட்டுக் கொல்லையையும் சேர்த்துப் பார்த்தல் நன்று.

வெண்டையை மஞ்சளாக்கும் நரம்புத் தேமல் நோயும் இச்செடியிற் பற்றும்; வெள்ளை ஈ அதைப் பரப்பும். ஆதலால் வெண்டைப் பாத்தியருகே இதனை வையாதிருத்தல் உத்தமம்.

விதை வேண்டுவோர் துருப்படாத இரண்டொரு செடிகளை மட்டும் நிறுத்தி, வட்டமாய் அடுக்கிய விதைகள் பழுப்பானதும் எடுத்து நிழலில் உலர்த்தி வைத்துக்கொள்ளலாம். பூத்து ஓய்ந்த மற்றவற்றைச் சித்திரைக்குள் வேரோடு பிடுங்கி, எருக்குழியிற் போடாமல் எரித்துவிடுக.