பிரிஞ்சாங் காய்கறியும் சீனர் முறைப் பிரட்டலும்

கேமரன் மலைக்குச் சென்று திரும்பும் நம்மவர்களின் கைகளில் இரண்டு பொருள்கள் தவறாமல் காணப்படும். ஒன்று தேயிலைப் பொட்டலம். மற்றொன்று காய்கறி மூட்டை. தேயிலை பல மாதங்களுக்கு வரும். காய்கறியோ மலையை விட்டு இறங்கிய மறுகணமே வாடத் தொடங்கிவிடுகிறது. தாப்பாவைக் கடந்து சமவெளியின் வெப்பத்திற்கு வந்து, ரப்பர் தோட்டத்து வீட்டை அடைந்து, இரண்டு நாள் மூலையில் கிடந்த பிறகு, அந்தச் சாவிக் கீரையும் முட்டைக்கோசும் என்ன ஆகின்றன? பெரும்பாலான வீடுகளில் ஒரு பகுதி சாம்பாருக்குள் போகிறது. மறு பகுதி நீண்ட நேரம் வெந்து, நிறமிழந்து, பிள்ளைகள் தட்டின் ஓரத்தில் ஒதுக்கிவைக்கும் பொருளாகிவிடுகிறது.

இது சிறு செய்தியன்று. சுகாதார அமைச்சு 2019-ஆம் ஆண்டில் நடத்திய தேசிய உடல்நல ஆய்வின்படி, நம் நாட்டில் வயது வந்தோரில் நூற்றுக்கு ஏறத்தாழ 95 பேர் போதிய அளவு காய்கறியும் பழமும் உண்பதில்லை. அதே ஆய்வில், பத்துப் பேரில் மூவருக்கு இரத்த அழுத்த நோய் இருப்பதாகவும் கண்டறியப்பட்டது. நீரிழிவு நோயோ மற்ற இனத்தவரைவிட இந்தியரிடையே மிகுதியாக உள்ளது. தட்டில் கால் பங்கு சோறு, கால் பங்கு மீன், இறைச்சி அல்லது பருப்பு வகை, அரைப் பங்கு காய்கறியும் பழமும் என்று ‘சுக்கு சுக்கு செபாரோ’ என்னும் பெயரில் அமைச்சு கூறிவரும் அறிவுரையை நம் தாய்மார்கள் பலர் கேட்டிருப்பார்கள். கேட்பது எளிது. அந்த அரைப் பங்கைப் பிள்ளைகள் விரும்பி உண்ணும்படி சமைப்பதில்தான் தொல்லை இருக்கிறது.

அதற்கொரு வழி நம் அண்டை வீட்டிலேயே உள்ளது. பிரிஞ்சாங் நகரம் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில் அமைந்துள்ளது. 1885-இல் வில்லியம் கேமரன் என்ற நில அளவையாளர் இம்மலைப் பகுதியை அளக்க வந்தார்; அவர் பெயரே மலைக்கும் நிலைத்தது. 1929-இல் போ தேயிலை நிறுவனம் தொடங்கப்பட்ட பின், தேயிலைக் கொழுந்து பறிக்கத் தமிழர்கள் இங்கு வந்து குடியேறினர். பள்ளத்தாக்குகளையும் சரிவுகளையும் சீன விவசாயிகள் காய்கறித் தோட்டங்களாக்கினர். இன்றும் சுங்கை பாலாஸ் தேயிலைச் சரிவுகளிலிருந்து கியா பார்ம் சந்தைக்கு வருபவர், ஒரு பக்கம் தேயிலையையும் மறு பக்கம் கோசு, சாவி, குடைமிளகாய், தக்காளி ஆகியவற்றின் பாத்திகளையும் காணலாம். ஒரே மலையில் இரு இனத்தாரும் பல தலைமுறைகளாக வாழ்ந்தும், ஒருவர் அடுப்பின் கலை மற்றவர் அடுப்புக்கு முழுமையாக வந்து சேரவில்லை என்பதுதான் நமக்கு வியப்பளிக்கிறது.

பிரிஞ்சாங்கில் ஒரு தேயிலைத் தோட்டக் குடியிருப்பில், ஓர் அம்மையார் நம்மிடம் இப்படிக் குறைப்பட்டுக்கொண்டார்: “ஐயா, சீனக் கடையில் வாங்கினால் சாறு கீரையோடு ஒட்டிக்கொண்டு பளபளவென்று இருக்கிறது. அதே கீரை, அதே கிச்சாப், நான் போட்டால் மட்டும் ரசம்போல் ஓடுகிறதே!” அவர் செய்த முறையை நாம் கேட்டறிந்தோம். கழுவிய கீரையை ஈரத்தோடு சட்டியில் போட்டு, மூடிவைத்து, பிறகு கிச்சாப் ஊற்றி இறக்கியிருக்கிறார். அவரிடம் குற்றமில்லை, நம் பொரியலுக்கு அது பொருந்தும் முறைதான். சீனர் பிரட்டலுக்கு அடிப்படையே வேறு.

முதலாவது, சூடு. குவாலி என்று நாம் அனைவரும் அழைக்கும் வட்டச் சட்டியை எண்ணெய் ஊற்றுவதற்கு முன்பே நன்றாகக் காயவிட வேண்டும். ஒரு துளி நீரை விட்டால் அது உருண்டோடி மறைய வேண்டும். பிறகு எண்ணெய், அது மெல்லப் புகையத் தொடங்கும்போது பூண்டு. கடைக்காரரின் அடுப்பு நம் வீட்டு அடுப்பைவிடப் பன்மடங்கு வலிமையுடையது. ஆகையால் அவர் ஒரு கூடைக் கீரையை ஒரே தடவையில் போட்டாலும் சட்டி குளிர்வதில்லை. நாம் அப்படிச் செய்தால் சட்டி குளிர்ந்து, கீரை தன் நீரைவிட்டு வேகத் தொடங்கிவிடும். வீட்டில் செய்யும்போது காய்களை இரண்டு பங்காக்கி, ஒரு பங்கை முடித்து எடுத்துவைத்த பின் மறு பங்கைப் போடுவதே தக்க வழி. நேரம் இரண்டு நிமிடம் கூடும், அவ்வளவுதான்.

இரண்டாவது, ஈரம். நீர் இருக்கும்வரை சட்டியின் சூடெல்லாம் அந்த நீரை ஆவியாக்குவதிலேயே செலவாகும். ரப்பர்த் தோட்டத்தாருக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. உருளையில் பிழிந்த பால் தாளை அப்படியே புகைக் கூடத்துக்குள் தள்ளுகிறோமா? முதலில் கொடியில் தொங்கவிட்டு நீரை வடிய விடுகிறோம் அல்லவா? கீரைக்கும் அதுவே. முதலில் ஓடும் நீரில் இலையிலையாகப் பிரித்துக் கழுவ வேண்டும். காய்கறித் தோட்டங்களில் பூச்சி மருந்து தெளிக்கப்படுவதால், கோசின் வெளி இலைகளைக் களைந்துவிடுவதும் நன்று. நறுக்கிய பின் கழுவினால் சத்தும் நீரோடு போய்விடும் என்பதால், கழுவிய பின்பே நறுக்க வேண்டும். பிறகு கூடையில் போட்டு அரை மணி நேரமாவது வடியவிட்டு, துணியால் ஒற்றி எடுத்தால், சட்டியில் போட்டவுடன் ‘சளசள’ என்னும் ஓசைக்குப் பதில் ‘படபட’ என்னும் ஓசை எழும். அந்த ஓசையே நமக்கு அளவுகோல்.

இங்கே மலைக்கே உரிய ஒரு செய்தியைச் சொல்லலாம். உயரம் கூடக்கூட நீர் கொதிக்கும் சூடு குறைகிறது. கடலோரத்தில் 100 பாகையில் கொதிக்கும் நீர், பிரிஞ்சாங்கில் ஏறத்தாழ 95 பாகையிலேயே கொதித்துவிடுகிறது. அதனால்தான் மலையில் கேரட்டும் பருப்பும் வேகச் சற்று நேரமாகிறது. எண்ணெயின் சூட்டை உயரம் அவ்வாறு கட்டுப்படுத்துவதில்லை. குளிர் மலையில் எண்ணெயில் பிரட்டும் முறை நன்கு பயன்படுவதற்கு இதுவும் ஒரு காரணம் என்று நாம் கருதுகிறோம்.

இனிச் சாறு. அந்தப் பளபளப்புக்கும் ஒட்டுதலுக்கும் காரணம் சோள மாவு. கடைகளில் மஞ்சளாக விற்கும் மக்காச்சோள மாவு வேறு. நாம் சொல்வது வெண்மையாக, விரலால் அழுத்தினால் ‘கிறீச்’ என்னும் மிக மென்மையான மாவு. மரத்துப் பாலில் அமிலம் சேர்த்ததும் அது உறைவதை நம் மக்கள் நன்கறிவர். மாவு உறைவது அமிலத்தினாலன்று, சூட்டினால். மாவின் மணிகள் குளிர்ந்த நீரில் கரைவதில்லை. மிதந்து, பின் அடியில் படிகின்றன. ஏறத்தாழ 65 பாகைச் சூட்டைத் தாண்டும்போது ஒவ்வொரு மணியும் நீரை உறிஞ்சிப் பருத்து, ஒன்றையொன்று நெருக்கிக்கொள்கிறது. அப்போதுதான் சாறு கெட்டியாகி, பால் நிறம் மாறிக் கண்ணாடிபோல் தெளிகிறது. இதை அறிந்துகொண்டால், தவறுகள் எங்கே நேர்கின்றன என்பதும் விளங்கிவிடும். மாவைச் சுடுநீரில் கரைத்தால் வெளிப்புறம் மட்டும் வெந்து கட்டி கட்டியாகும். ஆகவே குளிர்ந்த நீரிலேயே கரைக்க வேண்டும். கரைத்து வைத்ததை ஊற்றும் நேரத்தில் மறுபடி கலக்காவிட்டால் வெறும் நீரே சட்டியில் விழும். சாறு கொதியாதபோது ஊற்றினால் மாவு வாசனை போகாது. ஊற்றிய பின் பத்து நிமிடம் கொதிக்கவிட்டாலோ, பருத்த மணிகள் உடைந்து சாறு மீண்டும் நீர்த்துவிடும். எலுமிச்சைச் சாறு போன்ற புளிப்பும் அதே வேலையைச் செய்யும். ஆகவே புளிப்பு வேண்டுவோர் இறக்கிய பின் சேர்த்துக்கொள்ளலாம்.

சோள மாவு கிடைக்காத நாளில் மரவள்ளி மாவு உதவும். அது தெளிவாக வரும். ஆனால் சற்று இழையோடும். அரிசி மாவு கலங்கலாகத்தான் வரும். ஜப்பானியர் ஆட்சிக் காலத்தில் மரவள்ளியை நம்பி உயிர் பிழைத்த பெரியவர்களின் வழிவந்த குடும்பங்களில் அந்த மாவைக் கண்டதும் சிலருக்கு முகம் சுளிக்கலாம். அதில் நாம் தலையிடவில்லை!

நான்கைந்து பேருக்குரிய அளவைக் கூறுகிறோம். சாவிக் கீரை ஒரு கட்டு, முட்டைக்கோசில் கால் பங்கு, கேரட் ஒன்று, குடைமிளகாய் ஒன்று, விருப்பமானால் பீன்ஸ் ஒரு கைப்பிடி. பூண்டு ஆறு பல், இஞ்சி ஓர் அங்குலம். இரண்டையும் தட்டிக்கொண்டால் போதும், அரைக்க வேண்டா. எண்ணெய் இரண்டு மேசைக் கரண்டி. சாறுக்கு, நீர் ஒரு தேநீர்க் கோப்பை, உப்புக் கிச்சாப் ஒரு மேசைக் கரண்டி, சர்க்கரை அரைத் தேக்கரண்டி, வெள்ளை மிளகுத் தூள் சிறிது. தனிக் கிண்ணத்தில் சோள மாவு ஒரு மேசைக் கரண்டி, குளிர்ந்த நீர் மூன்று மேசைக் கரண்டி. அடுப்பை மூட்டுவதற்கு முன்பே இவையெல்லாம் கைக்கெட்டும் இடத்தில் இருக்க வேண்டும். பிரட்டத் தொடங்கிய பின் கிச்சாப் புட்டியைத் தேடுபவருக்குக் கருகிய பூண்டுதான் கிடைக்கும்.

கேரட்டையும் பீன்சையும் மெல்லிய சாய்வுத் துண்டுகளாக நறுக்கினால் விரைவில் வேகும். கீரையின் தண்டையும் இலையையும் தனித்தனியே பிரித்து வைக்க வேண்டும். காய்ந்த எண்ணெயில் பூண்டும் இஞ்சியும் மணம் வந்ததும் கேரட், பீன்ஸ், ஒரு நிமிடம் கழித்துத் தண்டும் கோசும், அதன் பின் குடைமிளகாய், கடைசியில் இலை. இடைவிடாமல் அடியிலிருந்து மேலாகப் பிரட்ட வேண்டும். மூடியைத் தொடவே வேண்டா. மூடினால் காயிலிருந்து எழும் அமில ஆவி உள்ளேயே தங்கி, பச்சை நிறத்தைப் பழுப்பாக்கிவிடும். இரு பங்கும் முடிந்ததும் எல்லாவற்றையும் சட்டியின் ஓரத்துக்கு ஒதுக்கி, நடுவில் சாற்றை ஊற்றிக் கொதிக்கவிட்டு, மாவு நீரைக் கலக்கி, ஒரு கையால் சிறிது சிறிதாக ஊற்றிக்கொண்டே மறு கையால் கிளற வேண்டும். சாறு கரண்டியின் முதுகில் படிந்து நிற்கும் பதம் வந்ததும் மீதி மாவு நீரை ஊற்ற வேண்டியதில்லை. அரை நிமிடம் கொதித்ததும் இறக்கலாம். காய் பல்லில் நறுக்கென்று கடிபட வேண்டும்.

சீனர்கள் இறக்கும்போது சில துளி எள்ளெண்ணெய் விடுவர். அது வறுத்த எள்ளில் ஆட்டிய கருநிற எண்ணெய். நம் நல்லெண்ணெய் அந்த மணத்தைத் தராது. அதற்கு மாற்றாக ஊற்றிப் பயனில்லை.

கிச்சாப் பற்றி ஓர் எச்சரிக்கை தேவை. ஒரு மேசைக் கரண்டி உப்புக் கிச்சாப்பில் ஏறத்தாழ இரண்டு கிராமுக்கு மேல் உப்பு இருக்கிறது. ஒருவருக்கு நாள் முழுவதற்கும் 5 கிராமுக்குக் குறைவான உப்பே போதும் என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. நாம் கூறிய அளவு நான்கைந்து பேருக்குப் பங்கிடப்படுவதால் தீங்கில்லை. ஆனால் கிச்சாப் ஊற்றிய பின் பழக்கத்தினால் கையும் உப்புச் சாடியை நாடுவதைப் பல வீடுகளில் கண்டோம். பால் வெட்டி வியர்வை சிந்துபவருக்கு உப்பு கூடினாலும் பரவாயில்லை என்ற எண்ணமும் நம்மிடையே இருக்கிறது. இரத்த அழுத்தத்திற்கு மருந்து உண்போர் அதை நம்பிவிடக் கூடாது.

வெள்ளிக்கிழமை சைவ உணவு உண்ணும் குடும்பங்கள் மற்றொன்றையும் கவனிக்க வேண்டும். ‘சோஸ் திராம்’ என்னும் கருஞ்சாறு சிப்பியிலிருந்து எடுக்கப்படுவது. கீரையோடு வருவதால் அதுவும் சைவமே என்று பலர் எண்ணிவிடுகின்றனர். சைவர்களுக்கென்று காளானில் தயாரித்த சாறு தனியே விற்கப்படுகிறது. புட்டியின் மேல் எழுதியிருப்பதைப் படித்து வாங்கலாம். சீனரிலும் பௌத்தர்கள் சைவ நாள்களில் ‘லோ ஹான் சாய்’ என்ற பல காய்ப் பிரட்டலை இறைச்சியும் சிப்பியும் இன்றியே சமைக்கின்றனர்.

இறுதியாக, விடியுமுன் வேலைக்காட்டுக்குப் புறப்படுவோர் இதைத் தூக்குச்சட்டியில் எடுத்துச் செல்லலாமா என்று கேட்பார்கள். சாறோடு எடுத்துச் சென்றால், ஆறிய பின் மாவு நீரை விட்டுவிட, அடியில் நீரும் மேலே மஞ்சளித்த இலையுமாகத்தான் இருக்கும். கட்டுச்சோற்றுக்குச் சாறின்றி, கோசும் கேரட்டும் மட்டும் உலர்ந்த பிரட்டலாகச் செய்துகொள்வது நலம். சாறுடன் கூடியதை வேலை முடிந்து வீடு திரும்பிய பின் செய்யலாம். நறுக்கி வைத்திருந்தால் சமைப்பதற்குப் பத்து நிமிடமே ஆகும். எச்சில் கரண்டியை மட்டும் சட்டியில் இட வேண்டா. உமிழ்நீருக்கு மாவைச் செரிக்கும் ஆற்றல் உண்டாதலால், ஒரு கரண்டி எச்சிலே கெட்டிச் சாற்றை நீராக்கிவிடும்.