துப்பாக்கி பிடித்த கைக்கு வேறென்ன தெரியும்?

என் கணவர் 17 ஆண்டுகள் ராணுவத்தில் இருந்து, அவில்தாராக ஓய்வு பெற்றவர். சிப்பாய்களுக்கு 15 ஆண்டு முடித்தாலே பென்ஷன் உண்டு. ஆனால், அப்போது வயசு நாற்பது கூட ஆகியிருக்காது. இரண்டு பிள்ளைகளைப் படிக்க வைக்க பென்ஷன் மட்டும் போதுமா?

வேலை கேட்டுப் போன ஓரிடத்தில், 'துப்பாக்கி பிடிப்பீங்க. வேற என்ன தெரியும்?' என்று கேட்டு விட்டார்களாம். இரண்டு நாள் மனுஷர் சரியாக சாப்பிடவில்லை.

ஒரு ராத்திரி மகனின் நோட்டை எடுத்து, 'பட்டாளத்துல தினமும் என்னதான் செஞ்சீங்க, சொல்லுங்க' என்று எழுத உட்கார்ந்தேன். முப்பது பேருக்கு டூட்டி போட்டது, ஸ்டோர் கணக்கு பார்த்தது, லீவு கிடைக்காமல் அழுத பையனைத் தேற்றியது என்று நாலு பக்கம் வந்தது. 'இவ்வளவா செஞ்சேன்?' என்று அவரே அசந்து போனார்.

அதைச் சுருக்கி எழுதிக் கொடுத்துதான், இன்று ஒரு மில்லில் சூபர்வைசராக இருக்கிறார். ஆரம்பத்தில் அங்கேயும் அதட்டல்தான். ஆட்கள் முறைத்துக் கொண்டார்கள். 'இது பரேடு மைதானம் இல்லீங்க' என்றேன். இப்போது அதட்டல் போய் விட்டது. ஆட்கள் சாப்பிட்ட பிறகே இவர் சாப்பிடுகிறார். இதுவும் பட்டாளத்தில் கற்றதுதானாம்!

தோழியரே, உங்கள் கணவரும் ராணுவத்தில் இருந்தால், ஓய்வுக்கு முன் அளிக்கப்படும் தொழிற்பயிற்சியை விடாதீர்கள். ஊர் திரும்பியதும், மாவட்ட முன்னாள் படைவீரர் நலன் அலுவலகத்தில் பதிய வையுங்கள். மத்திய அரசின் 'சி' பிரிவு வேலைகளில் 10 சதவீத ஒதுக்கீடும் உண்டு. கூடவே, ஒரு நோட்டும் பேனாவும் எடுங்கள். அவர்கள் அருமை அவர்களுக்கே தெரிவதில்லை!

– ஒரு வாசகி, வேலூர் மாவட்டம்.