உங்களுக்குத் தெரியுமா? முழுதாக நீளாத இடது கை!

அமெரிக்கக் குத்துச்சண்டை வீரர் ஜோ ஃப்ரேசியருக்கு இடது கை முழுதாக நீளாமல் இருந்தது. தெற்கு கரோலினாவில் சிறுவனாக இருந்தபோது பன்றி துரத்த, விழுந்து அடிபட்ட கை அது. வைத்தியம் பார்க்க வீட்டில் வசதியில்லை, கோணலாகவே கூடிவிட்டது. எதிராளிகளை நடுங்கவைத்த, இடது கையை வளைத்துக் குத்தும் ‘லெஃப்ட் ஹூக்’ அந்த வளைந்த கையிலிருந்துதான் வந்தது!

ஹெவிவெயிட் வீரர்களில் அவர் குள்ளம், கையும் நீளமில்லை. தள்ளி நின்று குத்தினால் எட்டாது. அதனால் குனிந்து, தலையை இடமும் வலமும் ஆட்டியபடி எதிராளியின் நெஞ்சருகே புகுவார். முதலில் விலாவில் குத்து, அடுத்தது தாடையில். நெருங்கும்வரை அடி வாங்கியே ஆக வேண்டும். எத்தனை துணிச்சல்!

1964 டோக்கியோ ஒலிம்பிக்கில் அரையிறுதியில் இடது கட்டைவிரல் முறிந்தது. அதை மறைத்துக்கொண்டே இறுதிச்சுற்றில் தங்கம் வென்றார். 1971 மார்ச் 8, நியூயார்க்: 15ஆவது சுற்றில் அதே ஹூக், முகமது அலியை மல்லாக்கத் தள்ளியது. தொழில்முறைப் போட்டிகளில் அலி கண்ட முதல் தோல்வி அந்தப் போட்டிதான்.

தொழில்முறையில் ஃப்ரேசியருக்கு 37 போட்டிகள், 32 வெற்றி, அதில் 27 நாக்-அவுட். அவற்றில் அவரை வென்றவர்கள் இருவரே: அலி, ஜார்ஜ் ஃபோர்மன்.