தாழ்ந்த வண்டியும் உயர்ந்த தளமும்

பழைய போர்ட் வண்டிகளைத் திருத்தி வேகவண்டிகளாக்கும் வழக்கம், 1945இல் இரண்டாம் உலகப்போர் முடிந்தபின் அமெரிக்காவின் கலிபோர்னியாவில் பெருகிற்று. 'ஹொட் ரொட்' எனப்படும் இவற்றுள் சுமையேற்றும் சிறு பிக்கப் வண்டிகளும் உண்டு. அழகு கருதி அவற்றைத் தாழ்த்தும்போது சுமைப்பெட்டியின் ஆழம் குறைகிறது. ஏன்?

அச்சின் உயரத்தைச் சில்லே தீர்மானிக்கிறது. 28 அங்குல விட்டமுள்ள சில்லாயின் அச்சு 14 அங்குல உயரத்தில் நிற்கும். அடிச்சட்டத்தை இறக்கலாம், அச்சை இறக்க இயலாது. மேடுபள்ளத்தில் அச்சு எழும்பிச் சட்டத்தில் மோதாதிருக்க, அவ்விடத்தில் சட்டத்தை வெட்டி உயர்த்துவர். அதனுடன் பெட்டியின் தளமும் உயரும். 18 அங்குல ஆழத்தில் 6 அங்குலம் போயின், மூன்றிலொரு பங்கு இடம் போயிற்று.

எனினும் அவ்விடம் முழுவதும் வீணன்று. அச்சுக்கு முன்னும் பின்னும், தளத்தின்கீழ், பெற்றோல் தாங்கியும் பற்றரியும் அமையலாம். தளத்துக்குக் கீல் பூட்டினால் கருவிகளையும் வைக்கலாம். ஆனால் அச்சு ஏறியிறங்கும் வெளியை நிரப்பலாகாது; சுமை ஏறினால் வில் அமுங்கி அவ்வெளி மேலும் சுருங்கும்.

ஆதலால் இரும்பை வெட்டுமுன், எதைச் சுமக்கப் போகிறோம் என்பதை அளந்தறிதல் வேண்டும். சுமப்பதற்கென்றே பிறந்த வண்டி சுமக்க இயலாது நிற்குமாயின், அவ்வழகால் ஆவதென்ன?